கல்கத்தாவும் காலராவும்

வாந்திபேதி என்று நம் நாட்டுப்புறங்களில் வழங்கும் நோய்க்கு ஆங்கில வைத்தியர் இட்ட பெயர் காலரா. கங்கை கடலோடு கலக்கும் வங்காளத்துத் தாழ்நிலப் பகுதியே இதன் பிறப்பிடம் என்பது அறிஞர் துணிபு. 1817-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸோர் என்னும் ஊரில் பெருவாரியாகக் கிளம்பிய இந்நோய் வணிகரோடும், படைவீரரோடும், யாத்திரிகரோடும் நாடு கடந்து சென்று உலகையே உலுக்கியது. அதன் பின் உலகம் தழுவிய கொள்ளைநோயாக ஏழு முறை அது தலையெடுத்ததாகக் கணக்கிடுவர். ஏழாவது அலை 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் தொடங்கியது. அது இன்னும் முற்றுப்பெறவில்லை.

இந்நோயைக் குறித்த உண்மைகளை மனிதன் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறிந்தான் என்பது நீண்ட வரலாறு. அவ்வரலாற்றின் பல அத்தியாயங்கள் கல்கத்தா நகரிலேயே நடந்தேறின. அவற்றுள் மிக முக்கியமான ஓர் அத்தியாயத்தை எழுதியவர் அந்நகரிலேயே கற்று, அந்நகரிலேயே கற்பித்த ஓர் ஆசிரியர். அவர் பெயரை நம்மவருள் நூற்றுக்கு ஒருவர்கூட அறியமாட்டார். ஆதலின் அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச எண்ணுகிறேன்.

முதலில், இந்நோய் எவ்வாறு உயிரைக் கொள்ளை கொள்கிறது என்று பார்ப்போம். காலையில் நலமாக வயலுக்குச் சென்றவன் மாலையில் பிணமாகிவிடுவான். வயிற்றிலிருந்து அரிசி களைந்த கழுநீர் போன்ற வெளிறிய நீர் இடைவிடாது வெளியேறும். கடுமையாகத் தாக்குண்டவன் ஒரு மணி நேரத்திற்கு ஒரு லிட்டர் வரையிலும் நீரை இழப்பதுண்டு. கண்கள் குழிவிழும், குரல் கம்மும், விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியவை போலச் சுருங்கும். இரத்தம் கெட்டியாகி நாடி அடங்கிவிடும். வைத்தியமின்றி விடப்பட்ட கடும் நோயாளிகளில் பாதிப்பேர் மாண்டு போவர். இறப்பவன் உடலில் வற்றிப்போன நீரினாலேயே இறக்கிறான் என்பதே இங்கு மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

வியப்பு யாதெனில், இவ்வுண்மை கிருமிகளைப் பற்றி எவரும் அறியாத காலத்திலேயே அறியப்பட்டிருந்தது. 1831-இல் இங்கிலாந்தில் காலரா புகுந்தபோது, ஓஷாநெஸி என்ற இருபத்திரண்டு வயது வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தைப் பகுத்துப் பார்த்து, அதில் நீரும் உப்புக்களும் பெரிதும் குறைந்துள்ளன என்று வெளியிட்டார். மறு ஆண்டே, ஸ்காட்லாந்தில் லாட்டா என்பவர் உப்பு நீரை நேரே இரத்தக் குழாயினுள் செலுத்திச் சிலரைப் பிழைக்கவும் வைத்தார். ஆயினும் மருத்துவ உலகம் அதனை மறந்துவிட்டு, நோயாளியின் உடலிலிருந்து மேலும் இரத்தம் எடுத்தும், பேதிக்குக் கொடுத்தும் பல்லாண்டுகளைப் போக்கியது. ஓஷாநெஸி பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகக் கல்கத்தாவிற்கு வந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தார். இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் அவரேதான்! இரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றும் முறையைக் கல்கத்தாவில் திருத்தமாக நிலைநாட்டியவர் லெனார்டு ரோஜர்ஸ். அதுவோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் இறந்தவரை யார் எண்ணுவது?

நோய் குடிநீரால் பரவுகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்நோ 1854-இல் காட்டினார். அதே ஆண்டில் இத்தாலியில் பச்சீனி என்பவர் வளைந்த நுண்ணுயிர்களை நுண்பெருக்கியில் கண்டார், கேட்பாரில்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1883-இல் எகிப்திற்குச் சென்று, நோய் அங்கே தணிந்துவிடவே, அதனைத் தேடி அவ்வாண்டின் இறுதியில் கல்கத்தாவிற்கு வந்து சேர்ந்தார். இறந்தோரின் குடலிலும், நோயாளிகளின் கழிவிலும் அவர் கண்டது காற்புள்ளி வடிவமுள்ள ஒரு கிருமி. பேலியாகாட்டா என்னும் பகுதியில் ஒரு குளம். அதன் கரையில் வாழ்ந்தோர் அக்குளத்திலேயே குளித்து, நோயாளிகளின் துணிகளை அலசி, அந்நீரையே பருகியும் வந்தனர். அக்குளத்து நீரிலும் அதே கிருமி இருந்தது. 1884-இல் காக் தம் முடிவை உலகிற்கு அறிவித்தார்.

அனைவரும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. மியூனிக் நகரத்துப் பேராசிரியர் பெட்டன்காஃபர், மண்ணின் தன்மையும் பருவமும் கூடினாலன்றிக் கிருமி மட்டும் நோயைத் தராது என்று வாதித்தார். தம் வாதத்தை மெய்ப்பிக்க, 1892-ஆம் ஆண்டு அக்டோபரில், எழுபத்து மூன்றாம் வயதில், காலராக் கிருமி நிறைந்த திரவத்தைப் பலர் அறியப் பருகினார்! இலேசான பேதியோடு தப்பித்துக்கொண்டார். கிழவருக்குக் கிருமியைவிடப் பிடிவாதம் வலிது போலும்.

காக் கிருமியைக் கண்டுவிட்டார். ஆனால் அக்கிருமி என்ன செய்து மனிதனைக் கொல்கிறது என்பதை அவரால் காட்ட இயலவில்லை. அது ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று அவர் ஊகித்தார். அந்நஞ்சைத் தேடி உலகத்துச் சோதனைச்சாலைகள் எழுபத்தைந்து ஆண்டுகள் உழைத்தும் கிட்டவில்லை. காரணம் என்ன? ஆராய்ச்சியாளர் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி மூலம் செலுத்தினர். விலங்குகள் இறந்தன. இறந்த கிருமியின் உடற்பொருளே நஞ்சு என்று முடிவு கட்டினர். ஆனால் அவ்வாறு இறந்த விலங்கிற்குக் காலராவின் அடையாளமான பேதி உண்டாகவில்லை. காலராக் கிருமியோ மனிதனின் இரத்தத்தில் புகுவதே இல்லை; குடலின் உட்சுவரோடு நின்றுவிடுகிறது. நோய் நிகழும் இடம் ஒன்று, தேடிய இடம் வேறொன்று. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

இனி, நான் சொல்ல வந்தவரிடம் வருவோம். சம்பு நாத் டே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். உதவித்தொகை பெற்றுப் படித்து, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 1939-இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனுக்குச் சென்று, ராய் காமரன் என்ற நோய்க்குறியியல் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அவர் ஆராய்ந்தது காலராவை அன்று. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதைப் பற்றியது. ஆயினும், உடலின் மெல்லிய சவ்வுகளைக் கடந்து நீர் எவ்வாறு கசிகிறது என்று எண்ணிப் பழகிய மனம், ஊர் திரும்பி மருத்துவமனையில் காலரா நோயாளிகளைக் கண்டபோது, அதே கேள்வியைக் குடலைக் குறித்துக் கேட்டது. இது என் ஊகமே; ஆயினும் பொருந்தாத ஊகம் அன்று என்று நினைக்கிறேன்.

அவர் செய்த சோதனை ஒரு பள்ளி மாணவனுக்கும் விளங்கக் கூடியது. ஒரு முயலை மயக்கமுறச் செய்து வயிற்றைத் திறந்து, அதன் சிறுகுடலில் ஏறக்குறைய நான்கு அங்குல நீளமுள்ள ஒரு பகுதியை இரு முனைகளிலும் பட்டு நூலால் கட்டிவிட வேண்டும். இரத்த ஓட்டம் தடைப்படலாகாது. கட்டிய பகுதியினுள் காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை ஒரு மில்லி லிட்டர் அளவு செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட வேண்டும். ஒரு நாள் கழித்துத் திறந்து பார்த்தால், கட்டிய பகுதி கழுநீர் போன்ற திரவத்தால் நிரம்பி, ஊதி உருண்டிருக்கும். கிருமியில்லாத வெறுந்திரவம் செலுத்தப்பட்ட மற்றொரு பகுதியோ சுருங்கியே கிடக்கும். ஒரே முயல்; ஒரே குடல்; ஒரு கட்டில் நோய், அடுத்த கட்டில் நோயின்மை. ஒப்புநோக்கிப் பார்க்க இதனினும் தெளிவான ஏற்பாடு வேறுண்டோ? இவ்விதச் சோதனையொன்றை 1915-இலேயே வியோல் என்ற பிரெஞ்சு அறிஞர் செய்திருந்தார். உலகம் அதனை மறந்துவிட்டிருந்தது. டேயும் அவர்தம் துணைவர் சட்டர்ஜியும் 1953-இல் இம்முறையை வெளியிட்டனர்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. குடலைத் தாக்குவது உயிருள்ள கிருமியா, அல்லது அது சுரந்துவிடும் பொருளா? டே, பெப்டோன் நீரில் கிருமியை வளர்த்து, அத்திரவத்தைக் கிருமியேதும் தங்காதவாறு வடிகட்டி, வடிந்த நீரை மட்டும் முயலின் குடற்கட்டில் செலுத்தினார். குடல் முன்போலவே ஊதியது. கிருமி இல்லை, நோய் உண்டு! காக் ஊகித்த நஞ்சு அவ்வடிநீரில் இருந்தது. 1959-ஆம் ஆண்டு மே மாதம் 'நேச்சர்' என்ற ஆங்கில விஞ்ஞான இதழில், இரண்டே பக்கங்களில் இதனை அவர் வெளியிட்டார். அதே ஆண்டில், பம்பாயில் ஹாஃப்கின் நிலையத்தைச் சேர்ந்த தத்தாவும் அவர் துணைவர்களும் முயற்குட்டிகளைக் கொண்டு ஏறத்தாழ இதே முடிவிற்கு வந்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. ஒரே நாட்டின் இரு நகரங்களில் ஒரே ஆண்டில் இவ்வுண்மை வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்பினால் விளைந்த பயன் என்னவென்று நேயர்கள் கேட்கலாம். காலராக் கிருமி குடலின் தோலை அரித்து உரித்துவிடுகிறது என்றே அதுவரை பலரும் நம்பி வந்தனர். உரிந்த குடலுக்கு வாய்வழியே மருந்து கொடுத்துப் பயனில்லை அன்றோ? டேயின் சோதனைகளோ, குடற்சுவரில் நீர் கசியும் தன்மையே மாறுபடுகிறது என்று காட்டின. நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பார்த்த வேறு சிலர், 1960-இல், குடலின் மேற்படலம் குலையாமல் இருப்பதை நேரில் கண்டனர். நஞ்சு வீட்டைச் சுடவில்லை, குழாயை மூடாமல் திறந்துவிடுகிறது, அவ்வளவே. வீடு நிற்கிறதென்றால், உள்ளே நீரைக் கொண்டு சேர்க்கும் வழியும் இருக்கக்கூடும்.

டே அந்நஞ்சைத் தூய வடிவில் பிரித்தெடுக்க முயன்றார். குளிரூட்டிச் சுழற்றும் இயந்திரம் முதலிய கருவிகள் வேண்டியிருந்தன. அவை அவரிடம் இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. 1969-இல் அமெரிக்காவில் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும் அதனைத் தூய்மையாகப் பிரித்தனர். அவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் முயலும், நூலும், வடிகட்டியும் கொண்டு செய்யக் கூடிய வேலையை இந்தியன் செய்து முடித்தான். விலையுயர்ந்த கருவி வேண்டிய இடத்தில் நின்றுவிட்டான். அறிவின் பஞ்சம் அன்று அது, பொருளின் பஞ்சம். பட்டியலிட்டுக் கருவி கேட்டு, வாராத கருவிக்காகக் காத்திருந்த எந்த ஆசிரியனுக்கும் இந்நிலை புதிதன்று.

பேதி விளைக்கும் மற்றொரு கிருமியான கோலி பாக்டீரியத்தையும் 1956-இலேயே அதே குடற்கட்டு முறையில் டே ஆராய்ந்திருந்தார். குழந்தைகளையும் யாத்திரிகரையும் வருத்தும் அவ்வகைப் பேதியைப் பற்றிய பிற்கால அறிவுக்கு அதுவும் ஓர் அடிப்படை.

1955 முதல் 1973-இல் ஓய்வு பெறும் வரை அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் தம் துறையின் தலைவராக இருந்தார். அவர்தம் முறையை உலகெங்கும் கையாண்டனர். அவரையோ ஊரில் எவரும் கண்டுகொள்ளவில்லை. இந்திய விஞ்ஞானக் கழகங்கள் எவையும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. பெரிய விருது ஒன்றும் கிட்டவில்லை. 1978-இல் ஸ்வீடனில் நோபல் நிறுவனத்தார் காலராவைப் பற்றி நடத்திய கருத்தரங்கிற்கு அவரை அழைத்தனர். தாம் அறுபதுகளின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டதாகவும், இக்கருத்தரங்கே தம்மைத் தோண்டி எடுத்ததாகவும் அவர் அங்கே கூறினாராம். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரை ஒரு முறைக்கு மேல் அப்பரிசுக்குப் பரிந்துரை செய்தவர். 1985 ஏப்ரலில் டே காலமானார். 1990-இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழ் அவர் நினைவாக ஒரு தனி இதழே வெளியிட்டது. நான் வகுப்பில் நடத்திய பாடநூல்களில் காக்கின் படம் இருந்தது. டேயின் பெயர்கூட இல்லை.

கிருமி தன் மேற்சட்டையை மாற்றிக்கொள்ளும். நஞ்சை மாற்றிக்கொள்வதில்லை என்பதற்கு நம் சென்னையே சான்று. 1992-இன் இறுதியில் இங்கே காலரா நோயாளிகளிடம் அதுவரை அறியப்படாத ஒரு வகை காணப்பட்டது. பழைய காலராவிற்கு ஆட்பட்டு எதிர்ப்பு ஆற்றல் பெற்றிருந்த முதியவரையும் அது தாக்கியது. பின்னர் வங்காளம் சென்று பரவிய அப்புதுவகைக்கு 139 என்ற எண்ணை அறிஞர் இட்டனர். சட்டை புதிது, சுரந்த நஞ்சோ டே கண்ட அதே நஞ்சு.

இனி வைத்தியத்தைப் பற்றி. இரத்தக் குழாயில் உப்பு நீர் ஏற்றினால் நோயாளி பிழைப்பான். ஆனால் அதற்குத் தூய்மை செய்த நீரும், ஊசியும், பழகிய கையும் வேண்டும். ஏழை நாட்டுக் கிராமத்தில் இவை ஏது? கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர், 1953-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில், உப்பும் குளுகோஸும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்து 186 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததை வெளியிட்டார். அவர் கையாண்ட மருந்துகளுள் ஒன்று, நம் வீட்டுத் தொட்டிகளில் வளரும் கற்பூரவள்ளியின் இலைச்சாறு! மேல்நாட்டார் அதனைப் பொருட்படுத்தவில்லை. ஒப்புநோக்கும் சோதனை செய்யப்படவில்லை என்ற குறை அதில் உண்டென்பது மெய்யே. ஆயினும் அக்குறையைத் தாமே நீக்கிப் பார்க்கலாமே என்று எவருக்கும் தோன்றாததுதான் வியப்பு.

குளுகோஸ் ஏன் வேண்டும்? குடற்சுவரில் உப்பையும் சர்க்கரையையும் ஒருங்கே உள்ளிழுத்துக் கொள்ளும் வாயில் ஒன்று உண்டு என்று 1960-இல் ராபர்ட் கிரேன் விளக்கினார். உப்போடு நீரும் தானே உள்ளே செல்லும். காலரா நஞ்சு இவ்வாயிலைத் தொடுவதில்லை. உப்பு மட்டும் கொடுத்தால் செல்லாது; சர்க்கரை கைகொடுத்தால் செல்லும். டாக்காவில் நாலின், காஷ் என்ற இருவர் 1968-இல் இதனை முறையான சோதனையால் நிலைநாட்டினர். கல்கத்தாவிலும் அதே ஆராய்ச்சி நடந்தது.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவிற்குள் வந்தனர். மழைக்காலம், முகாம்களில் காலரா. எல்லையருகே போன்காவ் என்ற ஊரின் மருத்துவமனைக்கு, ஜூன் மாத இறுதியில், திலீப் மஹலனபீஸ் என்ற குழந்தை வைத்தியர் அனுப்பப்பட்டார். இரண்டு அறைகள், நோயாளிகள் தரையிலே நெருக்கிக் கிடந்தனர், கழிவின் நடுவே மண்டியிட்டுத்தான் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றும் திரவமும் தீர்ந்துகொண்டிருந்தது. அப்போது அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுகோஸ், 3.5 கிராம் கறியுப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் இவற்றை நிறுத்துப் பைகளில் அடைத்து அனுப்பச் செய்து, முகாமில் பீப்பாய்களில் கரைத்து வைத்தார். தாயும், தமையனும், பக்கத்துப் படுக்கைக்காரரின் உறவினரும் குவளையில் பிடித்து நோயாளிக்குப் புகட்டினர். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில், சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழாக இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரிகளில் கூட அதற்குமுன் எளிதில் காணாத எண் அது.

வானொலிக்கும் இதில் ஒரு பங்குண்டு. வங்க விடுதலைப் போராளிகள் எல்லையோரத்தில் மறைவாக நடத்தி வந்த ஒலிபரப்பு நிலையத்தின் மூலம், இந்த உப்பு நீரைக் கரைக்கும் விதம் மக்களுக்குச் சொல்லப்பட்டது. போர்ச் செய்திகளுக்கு இடையே ஒலித்த அவ்வறிவிப்பு எத்தனை குழந்தைகளைக் காத்ததோ!

மஹலனபீஸின் கட்டுரையை உடனே வெளியிட எவரும் முன்வரவில்லை, 1973-இல்தான் அச்சாயிற்று. 1978-இல் 'லான்செட்' இதழின் தலையங்கம், இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் இதுவாக இருக்கலாம் என்று எழுதிற்று. அவர் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு பத்ம விபூஷண் விருதை அவர் மறைவிற்குப் பின் வழங்கியது.

வைத்தியம் கிடைத்ததும் அதனைக் குடிசைதோறும் கொண்டு சேர்ப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. பொட்டலம் எல்லாருக்கும் கிட்டாது. பங்களாதேஷில் பிராக் என்னும் தொண்டு நிறுவனம் 1980-இல் பெண்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்பியது. மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர். இவ்வளவே பாடம். ஒவ்வொரு தாயும் தன் கையாலேயே கரைத்துக் காட்ட வேண்டும். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் இப்பாடம் நடந்தது. பாடம் நடத்திய பெண்ணுக்கு ஊதியம் கொடுத்த முறை, ஆசிரியனான எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை வீடுகளுக்குச் சென்றாள் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அவ்வூருக்குச் சென்று, சில தாய்மாரிடம் கேள்வி கேட்டு, உப்பு நீரைக் கரைத்துக் காட்டச் சொல்வார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ, அதற்கேற்பவே கற்பித்தவளுக்குச் சம்பளம்.